பதினொரு மௌனங்கள்

மன்னர் வசனம் மறந்ததற்கு நான் காரணமாக இருந்தது ஒரே ஒரு முறைதான். அதுவும் அவர் சொன்ன கணக்கு.

நாடகக் குழுவில் எல்லோரும் அவரை மன்னர் என்றுதான் கூப்பிடுவார்கள். இருபத்திரண்டு வருடங்களாக மன்னர் வேடம் தவிர வேறெதையும் தொடாதவர். முகத்துச் சாயத்தைத் துடைத்த பிறகும் சில சங்கதிகள் அவரிடம் துடைபடாமல் ஒட்டிக்கொண்டிருந்தன. தேநீரை எப்போதும் இடது கையால்தான் வாங்குவார். வலது கையில் செங்கோல் இருக்கிறது பாருங்கள். பேருந்தில் ஏறினால், உட்கார்ந்திருப்பவர்கள் எழுந்து நிற்காததைப் பெரிய மனது பண்ணி மன்னித்துவிடுவார்.

அன்று 'இருள் ஆண்ட மன்னன்' நாடகத்தின் மூன்றாம் காட்சி. மன்னர் மேடையின் நடுவில் வந்து வாளை உயர்த்தி, "கேளுங்கள், என் குடிமக்களே!" என்றார். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. குடிமக்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். ஆறாவது வரிசையில் இருந்த நான், இதுதான் சமயம் என்று ஃபிளாஷைப் பளீரென்று அடித்து ஒரு படம் எடுத்தேன். வாள் என் பக்கம் திரும்பியது.

"ஒளியால் என் நெஞ்சைப் பிளந்தான் ஒரு துரோகி!"

இதுவும் வசனம்தான் என்று நினைத்து நாலு பேர் கை தட்டினார்கள்.

மறுநாள் அரங்கத்து வாசலில் பலகை தொங்கியது: ஃபிளாஷ் அடித்துப் படமெடுக்கக் கூடாது. கீழே என் பெயரைப் போடவில்லை, அவ்வளவுதான். ஊரில் எனக்குப் பெயரே மின்னல். இருபது வருடங்களாகக் கல்யாணம், பள்ளிக்கூட குரூப் போட்டோ, பாஸ்போர்ட் என்று ஜனங்களின் முகத்தில் வெளிச்சத்தை அடித்தே பிழைத்தவன். எங்கள் பக்கத்துக் கல்யாண ஆல்பங்களில் மணமக்கள் கையும் களவுமாகப் பிடிபட்ட மாதிரி விழித்துக்கொண்டிருந்தால், அது என் கைவண்ணம். அப்படிப்பட்டவனிடம் இனி ஃபிளாஷ் இல்லாமல் எடு என்றால், சமையல்காரனிடம் அடுப்பில்லாமல் ஆக்கு என்று சொல்வது போலத்தான்.

இந்தத் தடையால் ரொம்பச் சந்தோஷப்பட்டவர் இயக்குநர். வயது முப்பத்தைந்து இருக்கும். வெளிச்சம் என்றாலே அவருக்கு ஆகாது. "ஒளிங்கறது பார்வையாளனுக்குக் கொடுக்கற லஞ்சம்" என்பார். நாடகம் முழுவதற்கும் மேடைக்கு மேலே ஒரே ஒரு விளக்கு. அதுவும் பாதி எரிந்தால் போதும் என்பது அவர் கொள்கை. வழக்கமாக வரும் அறுபது பேரும் இருமலை வைத்து நடிகர்களை அடையாளம் கண்டுகொள்ளப் பழகியிருந்தார்கள்.

அப்படியும் என்னை அவர்கள் துரத்திவிடவில்லை. முன்கூடத்துச் சுவரில் மாட்டப் படம் வேண்டும். அந்த இருட்டில் படமெடுக்க வேறு எவனும் சம்மதிக்கவில்லை. இன்னொரு காரணம், என் அக்கா.

அக்கா பகலில் மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். டாக்டர்கள் கிறுக்கிய சீட்டைப் படித்து மருந்து எடுத்துக் கொடுப்பாள். சாயங்காலம் அரங்கத்துக்குப் போய், இயக்குநர் கிறுக்கிய நாடகத்தைப் படித்து வசனம் எடுத்துக் கொடுப்பாள். மேடைக்கு இடதுபுறம், பக்கத்திரைக்குப் பின்னால், வீட்டிலிருந்து கொண்டுபோன ஒரு மரஸ்டூலில் உட்கார்ந்து, கட்டைவிரல் அளவு விளக்கைத் துணியால் மூடிப் பிடித்துக்கொண்டு, பதினொரு வருடங்களாக மன்னரின் ஞாபகமாக இருக்கிறாள். நோட்டீஸில் பெயர் கிடையாது. திரை விழுந்த பிறகு மேடைக்கு வந்து வணங்குவதும் கிடையாது. மன்னருக்கு யாரோ எடுத்துக் கொடுக்கிறார்கள் என்ற பேச்சே வெளியில் போகக் கூடாது என்பது குழுவில் எழுதாத சட்டம்.

"எதுக்குக்கா இந்தப் பாடு?" என்று ஒருமுறை கேட்டேன்.

"வீட்டுல நான் சொல்றத யாருடா கேக்கறா? உங்க அத்தான் பேப்பர்லேருந்து தலையத் தூக்கி எத்தனை மாசமாச்சு தெரியுமா? அங்க ஒரு மன்னரே நான் சொல்றத அப்படியே திருப்பிச் சொல்றார்."

அதற்குமேல் அவளுக்கு எதுவும் வேண்டியிருக்கவில்லை. அந்த ஸ்டூல்தான் அவளுடைய சிம்மாசனம்.

ஃபிளாஷ் இல்லாமல் நான் எடுத்த முதல் நாள் கூத்தைச் சொல்லிவிடுகிறேன். இருட்டில் கேமராவின் கண் சற்று நேரம் திறந்திருந்தால்தான் படம் விழும். ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு, எட்டில் ஒரு பங்கு. அந்த நேரத்துக்குள் எதிரே இருப்பவர் அசைந்தால் அவர் படத்தில் ஆளாக விழமாட்டார், புகையாக விழுவார். மன்னரோ அசைவதற்கென்றே பிறந்தவர். ஒரு வாக்கியத்துக்கு நாலு தடவை கை வீசுவார். கேள்விக்குறி வந்தால் ஒரு சுற்றுச் சுற்றுவார். முந்நூற்றுச் சொச்சம் படம் எடுத்தேன். எல்லாவற்றிலும் சிம்மாசனம் தெளிவாக இருந்தது. நின்றபடியே தூங்கும் காவலாளி, இமைமயிர் எண்ணும் அளவுக்குத் தெளிவாக இருந்தான். நடுவில் ஏதோ எரிந்து அடங்கிய மாதிரி வெள்ளையாக ஒரு மூட்டம்.

மன்னர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"இது யாரு?"

"நீங்கதான்யா."

"என் முகம் எங்க?"

"போயிட்டிருக்குய்யா."

"எங்க போகுது?"

"வலப்பக்கம்."

அவர் கண்ணாடியைக் கழற்றி உறையில் வைத்தார். "காவலாளி நல்லா வந்திருக்கான்" என்றார். அவர் குரலில் இருந்த வலியைக் கேட்டு, அடுத்த வாரம் அந்தக் காவலாளியின் வேலைக்கே ஆபத்து என்று நினைத்தேன்.

மறு காட்சிக்கு நான் கொஞ்சம் படித்துக்கொண்டு போனேன். பெரிய வாயுள்ள ஒரு பழைய லென்ஸ் தேடிப் பிடித்தேன். கேமராவின் 'கிளிக்' கேட்காமலிருக்க அதைக் கறுப்புத் துண்டால் சுற்றினேன். பின்பக்கத் திரையை அணைத்தேன். முன்னால் மினுக்கும் சிவப்புப் பொட்டின் மேல் டேப் ஒட்டினேன். ஒற்றைக்கால் தாங்கியை ஊன்றி, நடைபாதைப் படியில் முதுகைச் சுவரில் சாய்த்து, மூச்சை வெளியே விட்டுவிட்டுக் காத்திருந்தேன். நடிகர் ஓடும்போது துரத்தக் கூடாது. நிற்கும்போது பிடிக்க வேண்டும். இவ்வளவுதான் வித்தை. இவர் எங்கே நிற்கப் போகிறார் என்று பார்த்தால், நின்றார்.

இரண்டாம் காட்சியில் நின்றார். வாள் பாதி உருவியபடி, அடிபட்ட கண்களோடு, சிலையாக. அழுத்தினேன். மூன்றாம் காட்சியில் மறுபடி. ஐந்தாம் காட்சியில் மூன்று முறை. மொத்தம் பதினொன்று. வீட்டில் போய்ப் பார்த்தால் எனக்கே புல்லரித்தது. அரை விளக்கில் பாதி முகம், மிச்சம் இருட்டு. தலை லேசாக இடப்பக்கம் சாய்ந்து, உதடு பிரிந்து, உலகத்துத் துயரமெல்லாம் புருவத்தில் வந்து உட்கார்ந்திருந்தது. இருட்டுக்காகக் கேமராவின் ஒளியுணர்வை எவ்வளவு கூட்டி வைத்திருந்தேனோ அவ்வளவு மணல்மணலாகத்தான் படம் விழுந்திருந்தது. அந்த மணலும் காலத்தின் தூசி மாதிரி பொருந்திப் போயிற்று. இதை நானா எடுத்தேன் என்று ஒரு கர்வம் வந்துவிட்டது.

முதலில் அக்காவிடம்தான் காட்டினேன். மருந்துக்கடைக் கல்லாவுக்குப் பக்கத்தில், மாத்திரை அட்டைகளை நகர்த்திவிட்டுப் பரப்பினேன். அவள் ஒவ்வொன்றாகப் பார்த்தாள், டாக்டர் சீட்டைப் பார்க்கிற அதே முகத்தோடு.

"இது ரெண்டாவது காட்சி. 'கோட்டைக் கதவை'ன்னு எடுத்துக் கொடுத்தேன்."

"என்னக்கா?"

"இது 'நஞ்சு'. எப்பவும் இங்கதான் நிப்பார். நஞ்சுன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும், மிச்சம் தானா வந்துடும். இது 'தளபதி'. இது, இரு... ஆங், 'எட்டுத் திசையும்'. அன்னிக்கு இதை ரெண்டு தடவ சொல்ல வேண்டியதாப் போச்சு."

"எல்லாமே மறந்து நின்னதா?"

"பின்ன? ஞாபகம் இருந்தா அவர் எதுக்கு நிக்கிறார்?"

பத்தாவது படத்தை எடுத்தேன். மன்னர் எங்கோ தொலைவில், எல்லையில்லாத வெளியைப் பார்த்துக்கொண்டிருந்தார். படங்களிலேயே அதுதான் உச்சம்.

"இது மொத்தமாப் போயிடுச்சு" என்றாள் அக்கா. "எந்த நாடகம்னே மறந்துட்டார். கண்ணப் பாரு, எப்படி முழிக்கிறார் பாவம்."

எல்லாப் படத்திலும் தலை ஏன் இடப்பக்கம் சாய்ந்திருக்கிறது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. இடப்பக்கம்தான் ஸ்டூல்.

"யார்கிட்டயும் மூச்சு விடாத" என்றாள். "சீட்டுல என்ன மருந்து இருக்குன்னு வெளிய சொல்றதில்ல."

நான் மூச்சு விடவில்லை. விட்டிருக்கலாம்.

படங்கள் முன்கூடத்தில் ஏறின. மன்னர் ஒவ்வொன்றின் முன்பும் நெடுநேரம் நின்றார். "நான் இப்படியா நடிச்சேன்?" என்று என்னிடம் மெல்லக் கேட்டார். "எனக்கே தெரியலையே." அந்த ஒரு நிமிஷம் அவர் மனுஷராக இருந்தார். அதற்குள் ஊரின் பெரிய விமர்சகர் வந்து சேர்ந்தார். அவர் நாடகத்தைப் பார்க்கும்போது தூங்கிவிடுவது வழக்கம். படங்கள் முன்கூடத்தில், நல்ல வெளிச்சத்தில் இருந்ததால் இந்த முறை முழுதாகப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் அரைப் பக்கம் வந்தது. தலைப்பு: பதினொரு மௌனங்கள்.

'சொற்களால் ஆண்ட ஒரு நடிகர் இதோ சொற்களைத் துறந்திருக்கிறார்' என்று ஆரம்பித்தார் விமர்சகர். 'அந்த இடப்பக்கச் சாய்வைக் கவனியுங்கள். இதயம் இருக்கும் பக்கம் அது. அதிகாரம் தன் இதயத்திடம் கேட்கும் கேள்வியல்லவா அது?' கீழே சின்ன எழுத்தில், படங்கள்: மின்னல். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அந்தச் சின்ன எழுத்தை நான் கத்தரித்துப் பையில் வைத்துக்கொண்டேன். ஆக, நானும் அந்தக் கூட்டத்தில் ஒரு ஆள்தான்.

அன்று மதியமே இயக்குநர் அந்த மௌனங்களைத் தான் மூன்று வருடமாக வடிவமைத்து வந்ததாக நினைவுகூர்ந்தார். செவ்வாய்க்கிழமைக்குள் மன்னரும் நம்பிவிட்டார். புதன்கிழமை ஒத்திகையில் அக்காவைக் கூப்பிட்டார்கள். அரங்கத்துக்குள்ளும் ஒரு படம் மாட்டச் சொன்னதால் நான் அங்கே ஏணிமேல் நின்றிருந்தேன்.

"அக்கா, நீங்க தப்பா நெனச்சுக்கக் கூடாது" என்றார் இயக்குநர்.

"மொதல்ல சொல்லுங்க தம்பி. அப்புறம் என்ன நெனைக்கிறதுன்னு பாக்கலாம்."

"ஐயாவோட மௌனம் இருக்கு பாருங்க, அது பூக்கறதுக்குள்ள நீங்க ஒரு வார்த்தையப் போட்டுடறீங்க. மௌனம் முடியட்டுமேன்னு ஒரு பொறுமை வேணாமா?"

"நான் வார்த்தையப் போடலைன்னா மௌனம் முடியாதே தம்பி."

"அதத்தான் சொல்றேன், பாருங்க. உங்களுக்கு ஐயாமேல நம்பிக்கையில்ல."

அக்கா மன்னரைப் பார்த்தாள். மன்னர் மேடைக்கு மேலே தொங்கிய விளக்கைப் பார்த்தார். "கலை ஒரு தனிமைம்மா" என்றார். இந்த வசனம் எந்த நாடகத்திலும் இல்லை, சொந்தமாகச் சொன்னது. அதனால்தான் மறக்காமல் வந்தது.

பதினொரு வருடத்துக்கு மரியாதையாக, மூன்றாவது வரிசையில் அவளுக்கு ஆயுள் முழுக்க இலவச இருக்கை தருவதாக அறிவித்தார்கள். அவள் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு பேருந்து ஏறினாள். வண்டியில் உட்கார இடமில்லை. கையில் ஸ்டூல் இருந்தும் வீடு வரைக்கும் நின்றுகொண்டே போனாள். அத்தான் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கி, "இது நம்ம ஸ்டூல் மாதிரியே இருக்கே" என்றாராம்.

எனக்குப் பொறுக்கவில்லை. நேரே இயக்குநரிடம் போனேன்.

"அந்தப் படத்துலயெல்லாம் ஐயா வசனம் மறந்து நிக்கிறாருங்க. எடுத்தவன் நான் சொல்றேன்."

அவர் என் தோளில் கை வைத்தார். "மின்னல், உங்களுக்குக் கண் இருக்கு. பார்வைதான் இல்ல. கேமரா என்ன பாத்துச்சுன்னு கேமராக்காரனுக்குத் தெரியணும்னு அவசியமில்ல."

"எங்கக்காவுக்குத் தெரியுமே."

"பாவம், அவங்களுக்கு வேலை போன வருத்தம்."

வேலை போன பிறகு அவள் எதுவும் சொல்லவில்லை என்பதையும், வேலை போவதற்கு முன்பே சொன்னாள் என்பதையும் நான் எடுத்துச் சொல்வதற்குள் அவர் விளக்கை இன்னும் கொஞ்சம் குறைக்கப் போய்விட்டார்.

அடுத்த ஞாயிறு மாலைக் காட்சிக்கு அரங்கத்தில் இடமில்லை. அறுபது பேர் வந்த இடத்தில் நானூறு பேர். எல்லோரும் முன்கூடத்தில் படங்களைப் பார்த்து, எங்கே மனம் உருக வேண்டும் என்று தெரிந்துகொண்டு உள்ளே வந்திருந்தார்கள். விமர்சகர் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். மூன்றாவது வரிசை ஓரத்தில் அக்கா, மடியில் நாடகப் பிரதியோடு. இருட்டில் அதைப் படிக்க முடியாது. கை சும்மா இருக்காது என்பதற்காக வைத்திருந்தாள். அவள் பக்கத்துப் படியில் கறுப்புத் துண்டு சுற்றிய கேமராவோடு நான்.

முதல் மூன்று காட்சிகளை மன்னர் எப்படியோ கடந்துவிட்டார். வாரம் முழுக்க மனப்பாடம் செய்திருக்க வேண்டும். நான்காம் காட்சியில் தளபதி வந்து, படைகள் எதிரியோடு சேர்ந்துவிட்டன என்று சொல்லிவிட்டுப் போனார். மேடையில் மன்னர் மட்டும். 'என் நிழலே, நீயும் என்னைக் கைவிட்டாயா?' என்று அவர் ஆரம்பிக்க வேண்டும்.

ஆரம்பிக்கவில்லை.

நான் கேமராவை அரை நொடிக்கு வைத்து அழுத்தினேன். அவர் அசையவில்லை. ஒரு முழு நொடி. அசையவில்லை. இரண்டு நொடி. கட்டடங்களைத்தான் இப்படி எடுப்பார்கள். அரங்கத்தில் ஒரு பெருமூச்சு எழுந்தது. "வந்துடுச்சு, வந்துடுச்சு" என்று பின்னால் ஒரு பெண் தன் கணவரை இடித்து எழுப்பினாள். எங்கோ யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். மேலே விளக்கறையில் இயக்குநர் உணர்ச்சி தாங்காமல், இருந்த பாதி வெளிச்சத்திலும் பாதியைக் குறைத்தார். அவரை மனதுக்குள் திட்டிக்கொண்டே நான்கு நொடிக்கு மாற்றினேன்.

லென்ஸ் வழியாகப் பார்க்கும்போது மேடை ரொம்பப் பக்கம். மன்னரின் மேலுதட்டில் வியர்வை தெரிந்தது. தலை இடப்பக்கம் சாய்ந்தது. ஸ்டூல் இருந்த இடத்தில் தீயணைக்கும் மணல்வாளியைக் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். அவர் அந்த வாளியை ஒருமுறை கெஞ்சிப் பார்த்தார். கிரீடத்துக்கும் மீசைக்கும் நடுவில் இருந்தது, பள்ளிக்கூடத்தில் எழுந்து நிற்கச் சொல்லப்பட்ட ஒரு பையனின் முகம்.

"எவ்வளவு நேரமாச்சு?" என்றாள் அக்கா காதோரம்.

"மூணு நிமிஷம்."

"பாவம்டா."

"என்ன பாவம்? உன்ன வெளிய அனுப்பினவரு. நிக்கட்டும்."

"அனுப்பினது மன்னர். அங்க நிக்கிறது அந்த ஆளு."

"இருக்கட்டும்க்கா. இன்னும் கொஞ்சம் நின்னா எல்லாருக்கும் தெரிஞ்சுடும்."

"என்ன தெரியும்? சுத்திப் பாரு."

பார்த்தேன். நானூறு முகங்களும் பரவசத்தில் இருந்தன. முதல் வரிசையில் விமர்சகர் இரண்டு உள்ளங்கைகளையும் மார்புக்கு நேரே தூக்கிவிட்டார். அடுத்த நொடியில் கை தட்டப் போகிறார். அவர் தட்டினால் நானூறு பேரும் எழுந்து நின்று தட்டுவார்கள். அந்தக் கைதட்டலோடு காட்சி முடிந்துவிடும். மறந்தது நல்லதுதான் என்று மன்னரும் நம்பிவிடுவார். அதற்கப்புறம் அந்த இடத்தில் மணல்வாளிதான், ஸ்டூல் இல்லை. இது எனக்குப் புரிவதற்கு முன்பே அக்காவுக்குப் புரிந்திருந்தது.

"என் நிழலே" என்றாள் அக்கா.

அது பேச்சும் இல்லை, கிசுகிசுப்பும் இல்லை. ஒரே ஒரு காதுக்கு விலாசம் எழுதி அனுப்புகிற குரல். பக்கத்திரையிலிருந்து போனால் வேறு யாருக்கும் கேட்காது. மூன்றாவது வரிசையிலிருந்து போனதால் வழியில் இரண்டு வரிசைகளைத் தாண்ட வேண்டியிருந்தது. விமர்சகர் தூக்கிய கையோடு வெடுக்கென்று திரும்பினார்.

"உஷ்! மௌனத்தக் கேளுங்கம்மா!"

"நீயும் என்னைக் கைவிட்டாயா" என்றாள் அக்கா அவரைப் பார்த்தபடியே. அவருக்குச் சொன்னதல்ல, ஆனால் அவர் சட்டென்று திரும்பிக்கொண்டார்.

மேடையில் தலை முதல்முறையாக முன்பக்கம் சாய்ந்தது. "என் நிழலே..." என்றார் மன்னர். அவர் குரல் உடைந்தது. இருபத்திரண்டு வருடத்தில் ஒரு வரியை அவர் நிஜமாகச் சொல்லி நான் கேட்டது அன்றுதான். பிறகு ஒவ்வொரு வரிக்கும் அவர் மேடையின் விளிம்புக்கே வந்துவிட்டார், ஜன்னல் பக்கம் சாயும் செடி மாதிரி. சுற்றுவதில்லை, கை வீசுவதில்லை. இரண்டாவது வரிசையில் "உஷ்" என்றார்கள், நாலாவது வரிசையில் "யாருங்க அது" என்றார்கள். அக்கா எதையும் காதில் போட்டுக்கொள்ளாமல் கடைசி வரி வரைக்கும், பிரதியைத் திறக்காமலே, எடுத்துக் கொடுத்துவிட்டுத்தான் ஓய்ந்தாள்.

அடுத்த வாரம் விமர்சகர் ஒரு முழுப் பக்கம் எழுதினார். 'மூன்றாவது வரிசையில் எளிய பெண்மணி ஒருவர் தன்னை மறந்து, மன்னரின் சொற்களை மன்னருக்கு முன்பே உச்சரித்தார். நாடகம் இன்று மக்களின் உதடுகளுக்கு வந்துவிட்டது. அந்தப் பெண்மணியின் பக்தியைக் கண்டு என் கண்கள் பனித்தன.' உஷ் என்றதைப் பற்றி எதுவும் எழுதவில்லை, இடம் போதாமலிருந்திருக்கும். பார்வையாளரைப் பங்கேற்க வைப்பது தன்னுடைய நெடுநாள் திட்டம் என்று இயக்குநர் பேட்டி கொடுத்தார்.

பத்திரிகை வந்த மறுநாள், திங்கட்கிழமை காலை மன்னர் மருந்துக்கடைக்கு வந்தார். நான் பாஸ்போர்ட் படங்களை வெட்டுவதற்கு அங்கே கத்தரிக்கோல் கடன் வாங்கப் போயிருந்தேன். வரிசையில் மூன்றாவது ஆளாக, சாதாரணச் சட்டையில், பொறுமையாக நின்றார். அவர் முறை வந்தது.

"தலைவலிக்கு ஒரு மாத்திரை" என்றார். பிறகு குரலை இறக்கி, "ஞாபகத்துக்கு ஏதாவது இருக்காம்மா?"

"மாத்திரையில இல்லைங்க."

"அன்னிக்கு நீங்க சொல்லலைன்னா..."

"சொல்லிட்டேன்ல, விடுங்க."

"வந்துடுங்கம்மா" என்று கிசுகிசுத்தார். "இயக்குநர்கிட்ட பேசிட்டேன். மூணாவது வரிசையே உங்களுக்கு. தினமும் அங்கேருந்தே சொல்லலாம். மக்கள் குரல்னு ஒரு புதுப் பாணியா வச்சுக்கலாம்ங்கறார்."

அக்கா ஒரு கிழவருக்குச் சில்லறை எண்ணிக் கொடுத்துவிட்டுத் திரும்பினாள். அவள் கிசுகிசுக்கவில்லை. "எனக்கு என் ஸ்டூல் போடற எடம் வேணும். அந்த மணல்வாளிய நகத்துங்க. மூணாவது வரிசையில தொண்டை போகுது, முன்னாடி ஒரு ஆளு திரும்பித் திரும்பி மொறைக்கிறார்."

"சரி. நகத்திடலாம்."

"நோட்டீஸ்ல என் பேரு வரணும்."

மன்னர் தவித்துப்போனார். வரிசையில் பின்னால் நின்றவர்களைத் திரும்பிப் பார்த்தார். "பேரு வந்தா... எனக்கு எடுத்துக் கொடுக்கறாங்கன்னு தெரிஞ்சுடாதாம்மா?"

"தெரியாத மாதிரி போடறது உங்க இயக்குநருக்குச் சொல்லியா கொடுக்கணும்?"

சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. அடுத்த காட்சிக்கு வந்த நோட்டீஸில் நடிகர் பட்டியலின் கடைசியில், கட்டம் கட்டி, 'அசரீரி' என்று போட்டு அக்காவின் பெயரைப் போட்டிருந்தார்கள். அத்தான் அதைப் பேப்பருக்குள் வைத்து இரண்டு தடவை படித்தார். "அசரீரின்னா உடம்பு இல்லாத குரல்தானே?" என்றார். "ஆமா, இந்த வீட்டுல இருக்கற மாதிரிதான்" என்றாள் அக்கா.

ஆனால் கூட்டம் இப்போது மௌனத்துக்காகத்தான் வருகிறது. மௌனம் இல்லாவிட்டால் முணுமுணுக்கிறது. ஆகவே ஓர் ஏற்பாடு. மன்னர் மறந்தவுடனே அக்கா எடுத்துக் கொடுப்பதில்லை. மனதுக்குள் இருபது எண்ணுகிறாள், பிறகு கொடுக்கிறாள். அவர் ஒப்பனை அறையில் யாரையாவது விரட்டிவிட்டு வந்த நாள் என்றால் நாற்பது எண்ணுகிறாள். அதனால் ஒப்பனை அறையில் இப்போது யாரையும் அவர் விரட்டுவதில்லை. மறக்காத இடங்களிலும் நின்று பார்த்தார். அது சரியாக வரவில்லை. நினைவிருக்கும் மனிதரின் முகம் படத்தில் விழும்போது ஒரு சோப்பு விளம்பரத்துக்கு மேல் தேறுவதில்லை. இதை நான் அவரிடம் சொல்லவில்லை. அக்கா சொன்னாள்.

நேற்று காட்சிக்கு முன், பக்கத்திரைக்குப் பின்னால் லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அக்கா ஸ்டூலில் உட்கார்ந்து விளக்கைத் துணியால் மூடிப் பார்த்துக்கொண்டாள். மேடையில் இயக்குநர் இன்னும் கொஞ்சம் குறை, இன்னும் கொஞ்சம் குறை என்று விளக்கைத் தணித்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, இந்த இருட்டுக்கு உனக்கு எத்தனை நொடி வேணும்?" என்றாள்.

"நாலு இருந்தா நல்லா வரும்க்கா. ஆறு கெடைச்சா இன்னும் நல்லது."

அவள் பிரதியில் நான்காம் காட்சியைப் புரட்டி, ஓரத்தில் பென்சிலால் 'இருபதோடு ஆறு' என்று எழுதிக்கொண்டாள்.